குளத்தைத் துலக்கும் ரோபோ: விலையைப் பார்ப்பதா, ஆயுளைப் பார்ப்பதா?

பெங்களூரு சர்ஜாபூர் சாலையை ஒட்டிய எங்கள் அடுக்ககத்தில் அறுபது வீடுகளுக்கும் பொதுவாக ஒரு நீச்சல் குளம் உண்டு. அதைத் துலக்க ரோபோ கருவி ஒன்று வாங்குவதெனப் பொதுக்குழு முடிவு செய்தது. இரண்டு விலைப்புள்ளிகள் வந்தன. ஒன்று 60,000 ரூபாய். மற்றொன்று 2,40,000 ரூபாய். "வங்கியில் இருப்பவர் சொல்லட்டும்" என்று அனைவரும் எங்கள் முகத்தைப் பார்த்தனர். பொதுப்பணம் என்பதால் அவசரப்பட மனம் வரவில்லை.

தண்ணீரும் ஒரு செலவே

15 மீட்டர் நீளமும் 6 மீட்டர் அகலமும் சராசரி 1.2 மீட்டர் ஆழமும் கொண்ட குளத்தில் 1,08,000 லிட்டர் நீர் நிற்கும். 12,000 லிட்டர் டேங்கர் லாரிகளில் கணக்கிட்டால் ஒன்பது லாரி. 2024 மார்ச்சில், கடும் தட்டுப்பாட்டின்போது, பெங்களூரு குடிநீர் வாரியம் நீச்சல் குளங்களுக்குக் குடிநீரைப் பயன்படுத்தத் தடை விதித்து, மீறினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

குழாய் கொண்டு அழுக்கை உறிஞ்சும் பழைய முறையில், அது மணல் வடிகட்டியில் போய்ச் சேரும். வடிகட்டியைப் பின்னோட்டமாகக் கழுவும்போதெல்லாம் குளத்து நீர் சாக்கடைக்குப் போகும். ரோபோ கருவி அழுக்கைத் தன் வடிகட்டியிலேயே பிடித்துக்கொள்வதால், அவ்வாறு கழுவும் தேவை குறைகிறது. மலிவு, உயர்ரகம் இரண்டுக்கும் பொதுவான நன்மை இது.

எங்கே வேறுபடுகின்றன?

மலிவுக் கருவிகளில் பல, கம்பியின்றிப் பேட்டரியில் இயங்குபவை. தூக்குவதும் வைப்பதும் எளிது. ஆனால் ஒருமுறை மின்னேற்றினால் ஓடும் நேரம் குறைவு. பேட்டரியின் திறனும் ஆண்டுக்கு ஆண்டு தேயும். பெரும்பாலும் தரையை மட்டுமே துலக்கும். எந்த வழியில் செல்வது என்ற திட்டமின்றி அங்குமிங்கும் திரும்பும். அழுக்குக் கூடையும் சிறியது.

உயர்ரகக் கருவிகளில் பல, மின்மாற்றி வழியாகக் குறைந்த அழுத்த மின்சாரம் பெற்றுக் கம்பியுடன் இயங்குபவை. சுவரேறி, நீர் மட்டத்தில் படியும் எண்ணெய்க் கோட்டையும் தேய்க்கும். திசையறியும் உணரியால் விடுபட்ட இடம் குறைவு. மோட்டாரையும் தூரிகையையும் தனித்தனியே மாற்ற முடிவதால் ஆயுள் நீளும்.

தேய்மானம் கற்பிக்கும் பாடம்

வணிகவியல் மாணவர் அனைவரும் படித்த நேர்கோட்டுத் தேய்மானத்தை இங்கே பொருத்திப் பார்த்தோம். கீழ்வரும் ஆயுளும் பராமரிப்புச் செலவும் எங்கள் அனுமானங்களே.

60,000 ரூபாய்க் கருவி மூன்றாண்டு உழைத்தால் ஆண்டுக்கு 20,000, பராமரிப்பு 3,000, மொத்தம் 23,000 ரூபாய். 2,40,000 ரூபாய்க் கருவி எட்டாண்டு உழைத்தால் ஆண்டுக்கு 30,000, பராமரிப்பு 6,000, மொத்தம் 36,000 ரூபாய். மலிவே வெல்கிறது. ஆனால் அதே மலிவுக் கருவி ஒன்றரை ஆண்டில் படுத்துவிட்டால், ஆண்டுச் செலவு 43,000 ரூபாயாகிவிடும். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி 'என்ன விலை?' என்பதன்று, 'நம் குளத்தில் எத்தனை நாள் உழைக்கும்?' என்பதே.

விடை சொன்னவர்

அதற்கு விடை குளத்தைப் பராமரிக்கும் ஊழியரிடம் இருந்தது. "மெஷின் வந்தா எனக்கு வேலை இருக்குமா சார்?" என்பதே அவர் முதலில் கேட்டது. இருக்கும் என்று உறுதி கூறிய பிறகே மனம்விட்டுப் பேசினார். கோடையில் தபேபூயா மரத்தின் பூக்கள் குளத்தை மூடுவதையும், தூங்குமூஞ்சி மரத்தின் சிற்றிலைகள் ஆழமான மூலையில் சேர்வதையும் காட்டினார்.

அவர் சொற்படி இரு விற்பனையாளரிடமும் எங்கள் குளத்திலேயே இயக்கிக் காட்டக் கேட்டோம். மலிவுக் கருவியின் கூடை அரை மணி நேரத்தில் நிரம்பிவிட்டது. உயர்ரகக் கருவி நன்றாகத் துலக்கியது. ஆனால் அதன் கைப்பேசிச் செயலியும் வார அட்டவணையும் எங்களுக்குத் தேவைப்படவில்லை. அவை இல்லாத, பெரிய கூடையும் கம்பியும் உள்ள நடுத்தர மாதிரியை 1,50,000 ரூபாய்க்கு வாங்கினோம்.

ஊழியரின் பணி தொடர்கிறது. குளோரினின் அளவையும் அமில காரத் தன்மையையும் எந்த ரோபோவும் சீர்செய்யாது. துலக்குவதில் மிச்சமான நேரத்தில் அவர் அவற்றை நாள்தோறும் சோதிக்கிறார்.

வாங்குமுன்

உத்தரவாதம் மோட்டாருக்கும் பேட்டரிக்கும் தனித்தனியே எவ்வளவு, பழுதுபார்க்கும் இடம் பெங்களூரில் உண்டா, வடிகட்டி தனியே கிடைக்குமா என்பவற்றை எழுத்தில் பெறுங்கள். கருவி ஓடும்போது எவரும் நீரில் இறங்கக் கூடாது. மின்மாற்றி குளத்தின் விளிம்பிலிருந்து தள்ளியே இருக்க வேண்டும்.

'வட்டியில்லாத் தவணை' என்ற சொல்லில் மயங்க வேண்டாம். வட்டியே இல்லாத கடன் என ஒன்று இல்லை என்பதை ரிசர்வ் வங்கி 2013-லேயே சுட்டிக்காட்டியது. ரொக்க விலையில் கிடைக்கும் தள்ளுபடியையும், தவணைக்கான செயலாக்கக் கட்டணத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

எங்கள் கருவி ஆறாண்டு உழைக்கும் என்று கொண்டால் ஆண்டுக்கு 25,000 ரூபாய். வீடொன்றுக்கு மாதம் ஏறத்தாழ 35 ரூபாய். அந்தத் தொகையைச் சங்கத்தின் பெயரில் தொடர்வைப்பாக இப்போதே சேர்க்கத் தொடங்கியுள்ளோம். அடுத்த கருவி வாங்கும்போது வீடு வீடாகச் சென்று கையேந்த வேண்டியிராது.