நான்கு வயர் ஒட்சிசன் உணரி

வாப்பாவின் பழைய காரிலிருந்த ஒட்சிசன் உணரிக்கு ஒரே வயர்தான். அது பழுதானபோது ஹீட்டர் உள்ள நான்கு வயர் உணரியைப் பூட்டினார். டோர்ச் பிடித்தவள் நான்.

புகைக்குழாயில் எஞ்சும் ஒட்சிசனை உணர்வதே இதன் வேலை. உள்ளிருக்கும் சிர்க்கோனியாப் பீங்கான் ஏறத்தாழ 300 பாகை செல்சியஸுக்குச் சூடானால்தான் சரியாக வேலை செய்யும். பெற்றோல் கூடினால் 0.9 வோல்ற்றுக்குக் கிட்ட, குறைந்தால் 0.1 அளவில் காட்டும். ஒற்றை வயர் உணரிக்குப் புகையின் சூடு மட்டுமே துணை. நெரிசலில் நிற்கையில் அது ஆறிவிடலாம். பிறகு எஞ்சின் கணினி உத்தேசமாகத்தான் பெற்றோல் ஊற்றும். இன்றைய விலையில் அது தாங்குமா?

ஒரே நிறமுள்ள இரண்டு வயர்கள், பெரும்பாலும் வெள்ளை, ஹீட்டருக்குரியவை. ஒன்று எர்த்துக்கு, மற்றது 12 வோல்ற்றுக்கு. பற்றரியிலிருந்து நேரே எடுத்தால் இரவெல்லாம் எரிந்து, காலையில் கார் ஸ்டார்ட் ஆகாமல் போகலாம். எனவே பெற்றோல் பம்புடன் சேர்ந்து இயங்கும் வயரில், இடையே பியூஸ் வைத்து எடுத்தோம். கறுப்பு, பழைய சமிக்ஞை வயருக்கு. சாம்பல், அதன் எர்த்துக்கு. தவறி 12 வோல்ற் கறுப்பில் பாய்ந்தால் கணினியே கருகலாம். அதனால் நிறத்தை மட்டும் நம்பாமல் வாப்பா முதலில் மீற்றர் வைத்துப் பார்த்தார். உணரி குளிர்ந்திருக்கையில் ஹீட்டர் வயர்களுக்கிடையில் மட்டுமே சில ஓம் தடை காட்டும்.

ஈயம் வைத்து ஒட்டலாமா என்று கேட்டேன். கூடாதாம். பல உணரிகள் ஒப்பிட்டுப் பார்க்கத் தேவையான வெளிக்காற்றை வயர் இழைகளினூடாகவே எடுக்கின்றன. ஈயம் அந்த வழியை அடைத்துவிடும். நசுக்கும் இணைப்பிகளை வைத்தே பொருத்தினோம்.