இரு தாயரின் மக்கள்: அயல்நாட்டுத் தத்தும் ஆயர் பணியும்

ஆரணிப் பட்டு நெசவு வட்டாரத்திலுள்ள சேத்துப்பட்டில் பணியாற்றும் ஆயர் ஒருவரிடம், ஐரோப்பிய நாடொன்றில் வளர்ந்த நடுவயதுப் பெண்ணொருத்தி வந்து, பழைய தாளொன்றை நீட்டி, "இதில் எழுதியுள்ள ஊர் இதுதானா?" என்று வினவுவதாக வைத்துக்கொள்வோம். 1970களிலும் 1980களிலும் நம் நாட்டிலிருந்து அயல்நாடுகளுக்குத் தத்தாக அனுப்பப்பட்ட குழந்தைகள் இன்று நடுவயதை எட்டிவிட்டனர். அவர்களுள் பலர் தம்மைப் பெற்றவர்களைத் தேடித் தமிழகம் வருகின்றனர். இறையியல் மாணவர் இதனை அறிந்திருத்தல் நலம் எனக் கருதியே இதனை எழுதுகிறோம்.

முதற்கண் அத்தாளைப் பற்றிச் சில சொல்லவேண்டும். சேத்துப்பட்டு என்னும் பெயரில் சென்னை நகருக்குள்ளேயும் ஒரு பகுதி உண்டு. ஆங்கில எழுத்தில் ஊர்ப்பெயர் மட்டும் இருப்பின், எந்தச் சேத்துப்பட்டு என்பது விளங்காது. 'வட ஆர்க்காடு மாவட்டம்' என்று உடன் எழுதியிருந்தால் அது நம் சேத்துப்பட்டாகவே இருக்கலாம். ஏனெனில் திருவண்ணாமலையைத் தலைநகராகக் கொண்ட மாவட்டம் வட ஆர்க்காட்டிலிருந்து பிரிந்தது 1989இல்தான். தாயின் பெயரோ இன்னும் இடர்தரும். தமிழ்ப் பெயரைக் கேட்டு ஆங்கிலத்தில் எழுதிய எழுத்தர் ஒருவர், அதனைத் தட்டச்சு செய்தவர் மற்றொருவர், அயல்மொழியில் பெயர்த்தவர் வேறொருவர். மூன்று கை மாறிய பெயரை ஊரில் எவரும் அடையாளம் காணாமற்போனால் வியப்பில்லை.

அக்காலத்தில் சட்டத்தின் நிலையும் வேறு. 1956ஆம் ஆண்டின் இந்துத் தத்தெடுப்புச் சட்டம் இந்துக்களுக்கே உரியது. கிறிஸ்தவருக்குத் தத்தெடுக்கும் சட்டம் இல்லை. ஆகவே அயல்நாட்டார் 1890ஆம் ஆண்டின் பாதுகாவலர் சட்டத்தின்கீழ் நீதிமன்றத்தில் மனுச்செய்து, பாதுகாவலர் என்ற உரிமையுடன் குழந்தையைக் கொண்டுசென்று, தம் நாட்டுச் சட்டப்படி தத்தெடுத்தனர். எனவே தேடுவோர் இல்லத்தின் கதவை மட்டுமே தட்டிக்கொண்டிராமல், நீதிமன்றப் பதிவேடுகளையும் நாடவேண்டும். 1982இல் வழக்கறிஞர் இலட்சுமி காந்த் பாண்டே எழுதிய கடிதத்தை மனுவாக ஏற்று, உச்சநீதிமன்றம் 1984இல் அளித்த தீர்ப்பே இவ்வழியை ஒழுங்குபடுத்தத் தொடங்கியது. பெற்றோர் தாம் செய்வது இன்னதென உணர்ந்தே குழந்தையை ஒப்படைக்கவேண்டும் என அது வற்புறுத்தியது.

உணர்ந்தே ஒப்படைத்தனரா? நம் திருச்சபைகள் நெஞ்சில் கைவைத்து விடைகூறவேண்டிய வினா இது. 2019இல் செய்தித்தாள்களில் வெளிவந்த நிகழ்ச்சி ஒன்று பலருக்கு நினைவிருக்கும். வறுமையால் வாடிய தாயொருத்தி, சென்னையை அடுத்த பல்லாவரத்திலிருந்த இல்லமொன்றில் தன் இரு ஆண்மக்களைச் சேர்த்திருந்தாள். 1979இல் அவர்கள் டென்மார்க்கிற்குத் தத்தாகச் சென்றனர். பிள்ளைகளைப் பார்க்க வந்த தாய், அவர்கள் அங்கு இல்லை என்பதையே பின்னர் அறிந்தாள். இளைய மகன் பல ஆண்டுகள் தேடி, நாற்பது ஆண்டுகளுக்குப் பின் அவளைக் கண்டார். தாய்க்கு டேனிய மொழி தெரியாது. மகனுக்குத் தமிழ் தெரியாது.

இத்தாயின் மனநிலையை விளங்கிக்கொள்ள நம் வரலாற்றையே நோக்கவேண்டும். 1876–78இன் தாதுவருடப் பஞ்சத்திற்குப் பின் மிஷன்கள் அநாதை இல்லங்களையும் விடுதிகளையும் பெருக்கின. அதன்பின் நம் நாட்டில் ஏழை விதவை தன் பிள்ளையை 'போர்டிங்கில்' விடுவது வழக்கமாயிற்று. பிள்ளை அங்கே உண்டு படிக்கும்; விடுமுறைக்கு வீடு திரும்பும்; அம்மா அம்மாவாகவே இருப்பாள். அந்த நம்பிக்கையோடுதான் பல தாய்மார் தாளில் கைநாட்டு வைத்தனர். தாளோ உறவை முற்றாக அறுக்கும் தாள். தத்துப் பிள்ளையைப் பெற்றவளும் வளர்த்தவளும் ஒரே தெருவில் வாழும் முறையை அறிந்த மக்களுக்கு, அறுத்தெறியும் தத்து என்பதே புதிது. இரக்கத்தால் உந்தப்பட்டே பெரும்பாலோர் இப்பணியைச் செய்தனர் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் இரக்கம் விளக்கத்திற்கு ஈடாகாது.

வெளிப்படையான குற்றமும் இல்லாமலில்லை. 1990களில் சென்னைச் சேரிகளிலிருந்து திருடப்பட்ட குழந்தைகள் தத்து நிறுவனமொன்றின் வழியாக அயல்நாடு சென்றமை 2005இல் காவல்துறை விசாரணையில் வெளிவந்தது. நெதர்லாந்து அரசு அமைத்த ஆய்வுக்குழு, இலங்கை முதலிய நாடுகளிலிருந்து நடந்த தத்துகளில் முறைகேடுகள் மலிந்திருந்ததாக 2021இல் அறிவித்தது.

இனி வேதத்திற்கு வருவோம். பவுல் கூறும் 'புத்திரசுவிகாரம்' அயல்நாட்டுத் தத்திற்கு இறையியல் ஆதாரமாகப் பல பிரசங்கங்களில் காட்டப்படுகிறது. உரோமருடைய தத்து பெரும்பாலும் வளர்ந்த ஆடவரை வாரிசாக்கும் ஏற்பாடு. தொட்டில் குழந்தையைப் பற்றியதன்று. அன்றியும், ரோமர் 8இல் இச்சொல்லை ஆண்ட அதே பவுல், அடுத்த அதிகாரத்தின் தொடக்கத்திலேயே மாம்சத்தின்படி தம் இனத்தாராகிய சகோதரருக்காகத் துயருறுகிறார். அவர்களுக்கும் புத்திரசுவிகாரம் உரியது என்கிறார். புதிய உறவு பழைய உறவின் துயரை அவருள் அழித்துவிடவில்லை. எபிரெயர் 11:24ஐக் கொண்டு, மோசேயைப் போல் வளர்த்த தாயை மறுக்கவேண்டும் எனத் தேடிவந்தவரிடம் சொல்வாரும் உளர். அது கொடுமை. அவர் இருவரையும் தாயென்றே அழைக்க விரும்பலாம்.

நமக்கு மிகவும் உதவுவது யோசேப்பின் வரலாறே. ஆதியாகமம் 42இல் அவனுக்கும் சகோதரருக்கும் நடுவே மொழிபெயர்ப்பாளன் நிற்கிறான். 45இல் தன்னை வெளிப்படுத்துமுன் யோசேப்பு மற்றவரனைவரையும் வெளியே அனுப்பிவிடுகிறான். இன்று நாமோ ஒலிபெருக்கியும் நிழற்படக் கருவியும் இன்றிச் சந்திப்பை நடத்த அறியோம்! ஊரார் சூழ்ந்து நிற்க, சால்வை போர்த்தி, ஆயர் ஜெபித்து முடிக்கையில் தாயும் மகளும் ஒரு சொல்லும் பேசியிரார். ஓர் அறை, நம்பகமான மொழிபெயர்ப்பாளர் ஒருவர், போதிய நேரம் ஆகியவை வேண்டும். மொழிபெயர்ப்பாளர் தாய் சொல்வதை இனிமையாக்கிக் கூறலாகாது. அவள் கடனைப் பற்றிப் பேசினாலும், பணம் கேட்டாலும், அப்படியே சொல்லவேண்டும்.

தேடலிலும் எச்சரிக்கை தேவை. இன்றைய தத்து ஒழுங்குமுறைகளின்படி, பதினெட்டு வயது நிரம்பியவர் தம் வேர்களை அறியத் தாமே விண்ணப்பிக்கலாம். மூன்றாம் ஆள் தேடுவதற்கு இடமில்லை. பெற்றவரின் மறைவுரிமைக்கும் ஊறு நேரலாகாது. மணமாகுமுன் பெற்ற குழந்தையை ஒப்படைத்த பெண் இன்று அதே ஊரில் பேரன் பேத்திகளுடன் வாழ்ந்துகொண்டிருக்கலாம். அவள் கணவருக்கு அது தெரியாதிருக்கலாம். ஆகவே ஆயர் தெருவில் நின்று விசாரித்தலோ, ஆராதனையில் அறிவித்தலோ கூடாது. ஞானஸ்நானப் பதிவேட்டைத் தாமே தனிமையில் புரட்டிப் பார்க்கட்டும். லூர்து அன்னை ஆலயத்தால் பெயர்பெற்ற அவ்வூரில் கத்தோலிக்கப் பங்குக் குருவையும் அணுகட்டும். பெயர் கிடைத்தால், மகளிடம் சொல்லுமுன், அம்மூதாட்டியின் இசைவை அறிய வயதில் மூத்த பெண்ணொருத்தியைத் தனியே அனுப்புவது நன்று. அவள் "வேண்டாம்" என்றால், அதையும் தேடிவந்தவளிடம் ஆயரே நேரில் அமர்ந்து சொல்லவேண்டும். கடிதத்தில் எழுதி அனுப்பிவிடலாகாது.