ஓடும் படமும் படுக்கும் படமும்

(நமது துவாரகா நிருபர்)

துவாரகாவில் வசிக்கும் நம்மவர்களுக்குக் குடும்பத்தோடு தியேட்டரில் தமிழ்ப் படம் பார்ப்பதென்பது சாமான்யக் காரியமல்ல. கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள். தலைக்கு 300 ரூபாய் டிக்கெட் என்று வைத்துக்கொண்டாலும் 1,200 ரூபாய். மெட்ரோ கட்டணம், இடைவேளைத் தின்பண்டம் எல்லாம் சேர்ந்தால் பால்காரருக்கு எடுத்து வைத்த பணம் காலி. படம் நன்றாக இருந்தால் மனம் ஆறும். இல்லாவிட்டால், "யாரைக் கேட்டு டிக்கெட் வாங்கினீர்கள்?" என்று வீட்டில் எழும் கேள்விக்கு எந்தக் கணவனிடமும் பதில் இல்லை.

ஆகவே எந்தப் படம் ஓடும், எது படுக்கும் என்பது படாதிபதிகளின் கவலை மட்டுமல்ல. மாதச் சம்பளக்காரனின் கவலையும்தான்.

பெரிய நடிகர் இருந்தால் போதுமா? 1999-இல் 'படையப்பா' வெற்றிக்கொடி நாட்டிய பிறகு, ரஜினி ரசிகர்கள் மூன்றாண்டு காத்திருந்து பார்த்த படம் 'பாபா'. 2002 ஆகஸ்டில் வந்தது. கதை, தயாரிப்பு இரண்டும் ரஜினிகாந்தே. இருந்தும் படம் எதிர்பார்த்தபடி ஓடவில்லை. நஷ்டப்பட்ட விநியோகஸ்தர்களுக்கு அவரே பணத்தைத் திருப்பிக் கொடுத்தது நாடறிந்த செய்தி. ஏன் ஓடவில்லை? பலர் பலவிதமாகச் சொன்னார்கள். எனக்குத் தோன்றுவது இதுதான்: நாயகன் கைக்கு மந்திரம் வந்துவிட்டது, நினைத்தது நடக்கும். அப்புறம் அவனுக்கு என்ன ஆகுமோ என்று நாம் பதற இடமேது? முதல் நாள் கூட்டத்தை நடிகரின் பெயர் சேர்க்கும். பத்தாம் நாள் கூட்டத்தை அந்தப் பதற்றம்தான் சேர்க்க வேண்டும்.

இதற்கு நேர்மாறானது 'சேது'. இயக்குநர் பாலாவுக்கு முதல் படம். நாயகன் விக்ரம் 1990 முதல் நடித்தும் பெயர் கிட்டாதவர். முடிவு சோகம் என்று சொல்லி வாங்க ஆளில்லாமல் படம் நெடுநாள் பெட்டிக்குள் கிடந்தது. 1999 டிசம்பரில் மிகச் சில தியேட்டர்களில்தான் வெளிவந்தது. பார்த்தவர் பக்கத்து வீட்டில் சொல்ல, அவர் தம்பியிடம் சொல்ல, தியேட்டர்களின் எண்ணிக்கை கூடியது. நூறு நாளும் தாண்டியது. அத்தனை பெரிய விளம்பரத்தையும் செய்தது வாய்ச்சொல்லே!

அப்படியானால் நல்ல படமெல்லாம் ஓடிவிடுமா என்றால், அதுவும் இல்லை. 1954-இல் ஏவி.எம். தயாரித்து எஸ்.பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்' படத்தில் பாட்டே கிடையாது. சிவாஜி கணேசன் தொடக்கத்திலேயே சுடப்பட்டு இறக்கிறார். இன்று எல்லோரும் மெச்சுகிறார்கள். அன்று வசூல் இல்லை. 2003 பொங்கலுக்கு வந்த 'அன்பே சிவம்' கதையும் அதே. புவனேஸ்வரத்திலிருந்து சென்னைக்குப் பஸ்ஸிலும் ரயிலிலும் இருவர் படும் பாட்டை, ரயிலில் ஊர் போய் வரும் நம்மைவிட யார் அதிகம் ரசிக்க முடியும்? ஆனாலும் தியேட்டரில் படுத்தது. பிறகு தொலைக்காட்சியில் பார்த்துத்தான் ஜனங்கள் கொண்டாடினார்கள். இதற்காக ரசிகனை முட்டாள் என்று ஏசுவது தவறு. கல்யாண வீட்டுக்குப் பசியோடு வந்தவனிடம் கஷாயத்தை நீட்டினால், அது எத்தனை உயர்ந்த மருந்தானாலும் முகம் சுளிப்பான். பண்டிகை நாளில் குடும்பத்தோடு வருகிறவன் தேடுவது வேறு.

2015-இல் வந்த 'காக்கா முட்டை'யைப் பாருங்கள். மணிகண்டன் இயக்கியது. பெரிய நாயகன் இல்லை. இரண்டு சேரிச் சிறுவர்கள். தண்டவாளத்தோரம் சிந்திய கரியைப் பொறுக்கி விற்றுக் காசு சேர்க்கிறார்கள், ஒரு பீட்சா தின்பதற்காக! படம் முழுக்க அந்தப் பிள்ளைகளோடு நாமும் காசு எண்ணுகிறோம். ஊருக்குப் போக டிக்கெட் காசு சேர்ப்பவனுக்கு, பெண் கல்யாணத்துக்குச் சீட்டுக் கட்டுபவனுக்கு, அந்தக் கணக்கு புதிதா என்ன? நம் வீட்டுக் கணக்கு திரையில் ஓடும்போது படமும் ஓடுகிறது.

எங்கள் அலுவலக நண்பர் ஒருவர் திங்கட்கிழமை டிபன் டப்பாவைத் திறந்தபடி ஒருமுறை சொன்னார்: "சார், ராத்திரி போன்ல எங்கம்மாகிட்ட கதையைச் சொன்னேன். பாதியில லைன் கட்டாயிடுச்சு. அவங்களே திருப்பிக் கூப்பிட்டு, 'அப்புறம் அந்தப் பையன் என்னடா ஆனான்?'ன்னு கேக்கறாங்க." அந்தப் படம் ஓடுமா என்று நான் வேறு யாரையும் விசாரிக்கவில்லை.

ஆனால் ஒன்று. ஊரிலே 'சேது' காத்திருந்தது. வாய்ச்சொல் பரவ நாள் கிடைத்தது. இங்கே தமிழ்ப் படத்துக்குக் கிடைப்பவை சில காட்சிகளே. ஞாயிற்றுக்கிழமை இருக்கைகள் காலியென்றால் அடுத்த வெள்ளிக்கிழமை வேறு மொழிப் படம் வந்துவிடும். நல்ல படமென்று நமக்குச் சேதி எட்டும்போது படம் போயே போய்விட்டிருக்கும்.

எனவே முதலில் பார்த்துவிடும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். எந்த நடிகரின் ரசிகராயினும் சரி, அன்றிரவே அடுத்த வீட்டுக்காரரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். 'சூப்பர்', 'குப்பை' என்ற ஒற்றைச் சொல் போதாது. அழ வைக்குமா, சிரிக்க வைக்குமா, குழந்தைகளை அழைத்துப் போகலாமா என்று சொன்னால் அவருடைய 1,200 ரூபாய் பிழைக்கும். நல்ல படமும் இன்னொரு வாரம் இங்கே தங்கும்.