துருப்பிடித்த திருகாணி ஏன் அசைய மறுக்கிறது?

விருத்தாசலத்தில் பீங்கான் சூளை வைத்திருப்பவர்களுக்கு ஒரு தொல்லை உண்டு. நன்றாக வெந்து வெளிவந்த பொருளின் பளபளப்பான மெருகுப்பூச்சில் மயிரிழை போன்ற வெடிப்புகள் தோன்றிவிடும். ஆறும்போது பூச்சு, உள்ளிருக்கும் மண்ணைவிட அதிகமாகச் சுருங்கினால் அது இழுபட்டு வெடிக்கிறது. ஒரே அளவு வெப்ப மாற்றத்துக்கு வெவ்வேறு பொருள்கள் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்குகின்றன என்பதே இதன் காரணம். சூளைக்காரருக்கு நஷ்டம் தரும் இந்த விதி, மோட்டார் வண்டியைப் பழுதுபார்ப்பவருக்குக் கைகொடுக்கிறது.

வீட்டு வாசலில் நிற்கும் பழைய அம்பாசடரின் எஞ்சினில் ஒரு போல்ட் கழல மறுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மரைகளுக்கு இடையே நுண்ணிய இடைவெளி இருக்கும். அதில் ஈரம் புகுந்தால் இரும்பு துருவாகிறது. துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் அதிகமான இடத்தை அடைத்துக்கொள்ளும். ஆகவே அது மரைகளின் நடுவே அடித்த ஆப்புப்போல இறுகிவிடுகிறது.

உடனே பலர் என்ன செய்கிறார்கள்? ஸ்பேனரின் பிடியில் நீளமான குழாயைச் செருகி இழுக்கிறார்கள். 20 செ.மீ. பிடி 60 செ.மீ. ஆனால் திருகுவிசை மூன்று மடங்காகும். துரு இளகாவிட்டால் போல்ட்டின் கழுத்து முறியும். நானும் ஒருமுறை இப்படித்தான் முறித்தேன். பாதி போல்ட் உள்ளேயே தங்கிவிட்டால், அதைத் துளையிட்டு எடுத்துப் புது மரை போடுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

எனவே முதலில் பொறுமை. மெல்லிய எண்ணெயை விட்டு ஓர் இரவு காத்திருங்கள். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, நுண்துளைக் கவர்ச்சியால் அது மரைக்குள் ஊர்ந்து செல்லும். பிறகு போல்ட்டின் தலையில் சுத்தியலால் மெதுவாகத் தட்டுங்கள். துரு எளிதில் நொறுங்கக்கூடியது. தலையின் ஆறு பக்கங்களையும் பற்றும் ரிங் ஸ்பேனரால் முதலில் சற்று இறுக்கி, பின் தளர்த்துங்கள். ஒரே மூச்சில் கழற்ற முயல வேண்டாம். முன்னும் பின்னுமாகச் சிறிது சிறிதாக அசையுங்கள்.

அப்படியும் அசையாவிட்டால் வெப்பம். சூடாக்க வேண்டியது போல்ட்டை அல்ல, அதைச் சுற்றியுள்ள உலோகத்தை. 'உலோகம் விரிந்தால் துளை சுருங்காதா?' என்று மாணவர்கள் கேட்பதுண்டு. சுருங்காது; துளையும் பெரிதாகும். மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டையைக் காய்ச்சிப் போடும் கொல்லர் இதை நன்கறிவார். வெப்பம் 1 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் எஃகு தன் நீளத்தில் பத்து லட்சத்தில் ஏறத்தாழ 12 பங்கு விரியும். அலுமினியம் 23 பங்கு. 10 மி.மீ. துளையுள்ள எஃகுத் துண்டை 200 டிகிரி உயர்த்தினால் துளை 0.024 மி.மீ. அகலும். துருவின் பிடி விட அதுவே போதுமானதாகலாம். மாருதி 800 போன்ற வண்டிகளில் சிலிண்டர் தலை அலுமினியத்தால் ஆனது. அங்கே போல்ட்டும் சேர்ந்து சூடானாலும் துளையே அதிகம் விரியும். ஆனால் அலுமினிய மரை மென்மையானது. முரட்டு விசையில் வழித்துக்கொண்டு வந்துவிடும்.

பெட்ரோல் குழாய்க்கு அருகிலோ, எண்ணெய் நனைந்த இடத்திலோ தீயைக் கொண்டுபோகவே கூடாது. தீக்கொழுந்து வேலையைப் பட்டறைக்கு விட்டுவிடுவதே மேல்.

ஸ்பார்க் பிளக் மட்டும் தனிவகை. அதன் வெள்ளைப் பகுதி விருத்தாசலத்துப் பீங்கானுக்கு உறவுக்காரன். எஃகைவிடக் குறைவாகவே விரியும், பக்கவாட்டு அடியைத் தாங்காது. ஸ்பேனர் சாய்ந்து அதில் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்தாலும் மின்சாரம் அந்த வழியே கசியும். உள்ளே பொறி தெறிக்காது. ஆகவே பிளக் ஸ்பேனரை நேராக இறக்கித் திருப்புங்கள். அதன்மேல் சுத்தியல் வேண்டாம்.