பயணியின் பணம் எங்கே தங்குகிறது?

சுற்றுலாப் பயணிகள் பெருகினால் ஊர் வளம் பெறும் என்பது பொதுவான நம்பிக்கை. ஆனால், விடுதியின் உரிமையாளர் வெளியூரார், காய்கறியும் மீனும் வெளிச்சந்தையிலிருந்து வருபவை எனில், பயணி செலவிடும் பணம் ஊரில் தங்காது. இதனைப் பொருளியலாளர்கள் 'கசிவு' என்பர். ஊருக்கு எஞ்சுவது குப்பையும் தண்ணீர்த் தட்டுப்பாடும்தான்.

கேரளத்தில் வேம்பநாட்டு ஏரிக்கரையில் உள்ள குமரகத்தில் இக்கசிவை அடைக்கும் முயற்சி 2008-இல் தொடங்கியது. மாநில சுற்றுலாத் துறையின் 'பொறுப்புச் சுற்றுலா'த் திட்டத்தின்கீழ் ஊராட்சி முன்னின்றது. குடும்பஸ்ரீ மகளிர் குழுக்கள் காய்கறி பயிரிட்டன. விடுதிகள் அவற்றை வாங்கின. தரிசாகக் கிடந்த வயல்களும் மீண்டும் விளைந்தன. 2017-இல் இதற்கென மாநில அளவில் தனி இயக்கமே உருவாக்கப்பட்டது.

விடுதிக்கு நாள்தோறும் சீரான அளவும் தரமும் தேவை. அதனைத் தனியொரு சிறு விவசாயியால் உறுதி செய்ய இயலாது, குழுவால் இயலும். இதுவே குமரகம் கற்றுத்தரும் பாடம்.

பயணிகளின் எண்ணிக்கை மட்டுமே வெற்றியின் அளவுகோல் ஆகாது. அவர்கள் செலவிடும் ஒவ்வொரு நூறு ரூபாயிலும் எவ்வளவு அவ்வூரிலேயே தங்குகிறது என்ற கணக்கையும் அரசுகள் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.