பதவியிலும் நீதி பெரிதென்ற ஆளுநர்

அரசியலிற் புகுந்தோர்க்குப் பதவி உயிரினும் இனியது என்பர். அப்பதவிக்கே ஊறு நேருமென அறிந்தும் மனச்சாட்சி வழிநின்ற ஒருவரின் வரலாற்றை இங்கு காண்போம். அவர்தாம் அமெரிக்காவின் இல்லினோய் மாநிலத்தில் 1893 முதல் 1897 வரை ஆளுநராக விளங்கிய ஜோன் பீற்றர் அல்ட்கெல்ட்.

1847ஆம் ஆண்டில் ஜெர்மனியிற் பிறந்த அவர், கைக்குழந்தையாகவே பெற்றோருடன் ஒஹையோ மாநிலத்தை அடைந்தார். வறிய உழவர் குடும்பம். பதினாறாம் வயதில் உள்நாட்டுப் போரில் வடபகுதிப் படையிற் சேர்ந்தார். பின்னர் றெயில்பாதைக் கூலியாகவும் பள்ளி ஆசிரியராகவும் உழைத்துச் சட்டம் பயின்றார். 1875இல் சிக்காகோ நகரிற் குடியேறி, நிலமும் கட்டடமும் வாங்கி விற்றுப் பெருஞ்செல்வரானார். ஆயினும் ஏழ்மையை அவர் மறந்தாரல்லர். சிறைமுறை ஏழைகளைத் திருத்தாது கெடுக்கின்றது என 1884இல் நூலொன்று வெளியிட்டார். பின்பு நீதிபதியாகவும் பணியாற்றினார்.

எட்டு மணி நேர வேலை கோரித் தொழிலாளர் கிளர்ந்தெழுந்த காலம் அது. நாம் கொண்டாடும் மே தினம் அக்கிளர்ச்சியின் நினைவாகவே தோன்றியது. 1886 மே 4ஆம் நாள் இரவு, சிக்காகோவின் ஹேமார்க்கட் சதுக்கத்திற் கூடிய தொழிலாளரைக் கலைக்கப் பொலிசார் வந்தபோது வெடிகுண்டு ஒன்று வீசப்பட்டது. பொலிசார் எழுவர் மாண்டனர். குண்டெறிந்தவர் யாரென்பது இன்றுவரை துலங்கவில்லை. எனினும் அராஜகவாதிகள் எண்மர் குற்றவாளிகளாகக் காணப்பட்டனர். 1887 நவம்பரில் நால்வர் தூக்கிலிடப்பட்டனர். ஒருவர் அதற்கு முன்னாள் சிறையில் தம்முயிரை மாய்த்துக்கொண்டார். மரணதண்டனையிலிருந்து தப்பி ஆயுட்சிறை பெற்ற இருவரும், பதினைந்து ஆண்டுச் சிறை பெற்ற ஒருவரும் எஞ்சினர்.

அல்ட்கெல்ட் ஆளுநரானதும் அம்மூவரையும் விடுவிக்குமாறு பலர் விண்ணப்பித்தனர். "இரக்கங் கொண்டு மன்னித்தேன்" என்று ஒரு வரி எழுதியிருந்தால் அவர்மீது பெரும்பழி வந்திராது. அவரோ வழக்கேடுகளை முற்றப் படித்தார். 1893 ஜூன் 26ஆம் நாள் மூவரையும் விடுதலை செய்து, காரணங்களை நீண்டதோர் அறிக்கையாக வெளியிட்டார். தண்டிப்பதற்கென்றே ஜூரிமார் தேர்ந்தெடுக்கப்பட்டனர். நீதிபதி பாரபட்சமாக நடந்தார். குண்டெறிந்தவருடன் இவர்களுக்குத் தொடர்பிருந்ததாக மெய்ப்பிக்கப்படவில்லை. இவையே அவர் காட்டிய காரணங்களுட் சில. குற்றவாளிகளை மன்னித்திருந்தால் நாடு பொறுத்திருக்கும். நீதிமன்றத்தையே குற்றஞ்சாட்டியதை அது பொறுக்கவில்லை. பத்திரிகைகள் அவரை அராஜகத்தின் தோழரென்றும் அந்நியரென்றும் தூற்றின.

அவர் தளர்ந்தாரல்லர். தொழிற்சாலைகளிற் சிறுவர் படும் துயரைக் குறைக்க 1893இற் சட்டமியற்றப்பட்டபோது, புளோரன்ஸ் கெல்லி என்னும் பெண்மணியைத் தலைமைப் பரிசோதகராக நியமித்தார். 1894இல் றெயில்வே வேலைநிறுத்தத்தின்போது, மாநிலம் கேளாமலே இராணுவத்தை அனுப்பிய சனாதிபதி கிளீவ்லன்ட் தமது கட்சியினரே ஆயினும், அவரை வெளிப்படையாகக் கண்டித்தார்.

1896ஆம் ஆண்டுத் தேர்தலில் அவர் தோல்வியுற்றார். செல்வமும் கரைந்தது. 1902 மார்ச்சில், மேடையிற் பேசியபின் நோயுற்று, 54ஆம் வயதிற் காலமானார்.

இரக்கங் காட்டுதல் நற்பண்பு. பலரும் அதனைப் போற்றுவர். நீதி தவறியது என்று அதிகாரத்திலிருந்துகொண்டே உரைப்பதற்கோ நெஞ்சுரம் வேண்டும். அல்ட்கெல்ட்டின் வாழ்விலிருந்து நம் மாணவர் கற்கவேண்டிய பாடம் இதுவே.