கட்டி ஒடுக்கி மரபணுக்களும் தோலும்

கட்டி ஒடுக்கி மரபணுக்கள் என்பவை உயிரணுக்கள் அளவுக்கு மீறிப் பெருகாமல் தடுக்கும் மரபணுக்கள் ஆகும். தோலின் இயல்பான வளர்ச்சிக்கும், வெயிலால் ஏற்படும் சேதத்திலிருந்து அது மீள்வதற்கும் இவை தேவை. இவை செயலிழந்தால் புற்றுநோய் உண்டாகும் வாய்ப்பு கூடுகிறது.

இரு அடிக் கோட்பாடு

இத்தகைய மரபணு, தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக, இரண்டு படிகளாக உள்ளது. ஒரு படி பழுதானாலும் மற்றொன்று பெரும்பாலும் போதுமானது. இரண்டும் பழுதானால் தடை நீங்கிவிடுகிறது. அமெரிக்க மருத்துவர் ஆல்பிரட் நட்சன், விழித்திரைப் புற்றுநோயுற்ற குழந்தைகளின் தரவுகளைக் கொண்டு 1971 இல் இக்கருத்தை முன்வைத்தார். அந்நோய்க்குக் காரணமான ஆர்பி1 மரபணு 13 ஆம் குரோமோசோமில் உள்ளது. 1986 இல் பிரித்தெடுக்கப்பட்ட இதுவே அவ்வாறு பிரித்தெடுக்கப்பட்ட முதல் கட்டி ஒடுக்கி மரபணு ஆகும்.

தோல் வளர்ச்சியில் பங்கு

மேல்தோலின் அடியடுக்கில் உள்ள உயிரணுக்கள் தொடர்ந்து பிரிகின்றன. மேல்நோக்கி நகர்பவை பிரிவதை நிறுத்தி, கெரட்டின் நிறைந்து, இறந்து உதிர்கின்றன. இதற்கு ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். பிரிவை நிறுத்தும் கட்டத்தில் ஆர்பி குடும்பப் புரதங்களுக்குப் பங்குண்டு. பிடிசிஎச்1 மரபணு, மயிர்க்கால் உருவாகத் தேவையான ‘ஹெட்ஜ்ஹாக்’ என்னும் வளர்ச்சிச் சைகையைக் கட்டுக்குள் வைக்கிறது. அக்கட்டுப்பாடு தளர்ந்தால் அடித்தள உயிரணுப் புற்று தோன்றலாம்.

வெயிலும் பி53 மரபணுவும்

புற ஊதாக் கதிர்கள் டி.என்.ஏ.வைச் சிதைக்கும்போது பி53 புரதம் உயிரணுப் பிரிவை நிறுத்தி, பழுதுபார்க்க நேரம் தருகிறது. சேதம் மிகுந்தால் அந்த உயிரணுவைத் தானே அழியச் செய்கிறது. வெயில் பட்டுத் தோல் கறுப்பதைத் தூண்டுவதிலும் பி53 க்குப் பங்கிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. மதுரை, வண்டியூர் போன்ற சமவெளிப் பகுதிகளில் வெயிலில் உழைப்போரின் தோல் கறுப்பது இத்தகைய தற்காப்பே. பி53 பழுதான உயிரணு அழியாமல் தப்பிப் பெருகுவதே செதிள் உயிரணுப் புற்றின் தொடக்கங்களுள் ஒன்று.

மெலனின் மிகுந்த கருமையான தோலில் வெயிலால் வரும் புற்று குறைவு. ஆனால் அது முழுப் பாதுகாப்பு அன்று. பிறவியிலேயே மெலனின் குறைந்த வெண்தோலர்களுக்கு ஆபத்து மிக அதிகம். கருமையான தோலுடையோருக்கு மெலனோமா உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி ஆகியவற்றில் தோன்றுவதுண்டு. தீக்காயத் தழும்பிலும் ஆறாத புண்ணிலும் செதிள் உயிரணுப் புற்று வரலாம். பரவிவரும் கரும்புள்ளியையும் ஆறாத புண்ணையும் மருத்துவரிடம் காட்டுவது அவசியம்.

மதுரையில் ஆர்பி1

மருத்துவர் கோ. வெங்கடசாமி 1976 இல் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை வண்டியூருக்கு அருகே அண்ணா நகரில் உள்ளது. அங்கு விழித்திரைப் புற்றுக்குச் சிகிச்சை அளிக்கப்படுகிறது. அதன் ஆய்வுப் பிரிவில் ஆர்பி1 மரபணு ஆய்வும் நடைபெறுகிறது. குழந்தையின் கண்மணியில் வெள்ளையொளி தெரிவது இந்நோயின் முக்கிய அறிகுறி.

நோயுற்றோரில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினருக்கு ஆர்பி1 பழுது பிறப்பிலேயே உடலின் எல்லா உயிரணுக்களிலும் உள்ளது. கண் குணமான பின்பும் எலும்புப் புற்று, மெலனோமா போன்றவை வரும் வாய்ப்பு அவர்களுக்குக் கூடுதல்; கதிர்வீச்சுச் சிகிச்சை அதை மேலும் கூட்டக்கூடும். பழுது அவர்தம் ஒவ்வொரு குழந்தைக்கும் செல்லும் வாய்ப்பு 50 விழுக்காடு. மரபணுப் பரிசோதனையில் இது முன்பே தெரிந்தால், குழந்தையின் கண்ணைப் பிறந்தது முதல் கண்காணித்து, பார்வையையும் உயிரையும் காக்கலாம்.